ஆர்க் வந்ததா, வந்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இதைப் பற்றியெல்லாம் ஒரு தமிழ் நாளிதழில் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கத்தரித்து லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டியும் விட்டேன். ஆனால் அதில் இரண்டு வரி என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. ‘ஆட்டக்காரர் முதலில் தன் சாதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்ஃப் சாதி அறிவில் சிறந்தது. ஆர்க் சாதி முரடானது’ என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். (எல்ஃப் என்றால் கூர்க்காது மனிதர், ஆர்க் என்றால் அரக்கர் மாதிரி. இரண்டும் கதைகளில் வரும் கற்பனை ஆட்கள்.)

ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்று இருப்பதை ‘இனம்’ என்று போட்டிருக்கலாம். ‘சாதி’ என்றதும் என் கடையில் நின்று படித்த பெரியவர் ஒருவர், “விளையாட்டிலயும் இதைக் கொண்டு வந்துட்டானுகளா” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. ஏனென்றால் அந்தத் தவறான சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 53. 2023-ல் ஒரு நாள் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் பென் டிரைவோடு வந்து, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ஆட்டத்தின் விதிப் புத்தகம் முழுவதையும் அச்சடித்துத் தரச் சொன்னார்கள். விலைக்கு விற்கிற புத்தகம், மாட்டேன் என்றேன். ஒரு வாரம் கழித்து வேறொரு ஃபைலோடு வந்தார்கள். அந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளை மட்டும் கம்பெனியே அந்த வருஷம் ஜனவரியில், யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம் என்று பொதுவில் விட்டிருந்தது. நானூறு பக்கத்துக்கு மேல். இரண்டு பக்கமும் அடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். டோனர் காசு மட்டும் வாங்கினேன். ஹாஸ்டலில் ஆட இடமில்லை என்றார்கள். கடைக்குப் பின்னால் பேப்பர் கட்டு அடுக்கும் அறை ஞாயிறு மத்தியானம் சும்மாதான் கிடக்கிறது, வாருங்கள் என்றேன். நாலாவது வாரம் ஒருவன் வரவில்லை. ஆள் குறைகிறது, நீங்க உட்காருங்க என்றார்கள்.

“உங்க ரேஸ் என்ன அண்ணாச்சி?”

“நான் பள்ளிக்கூடத்துல கூட ஓடுனதில்ல தம்பி” என்றேன். இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்போது ஆட்டத்தை நடத்துவதே நான்தான். டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்பார்கள். கதையைச் சொல்வது, எதிரிகளை ஆட்டுவிப்பது, விதிக்குத் தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஆகவே இந்த இன விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

இந்த ஆட்டம் 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்து மூன்று சின்னப் புத்தகங்களாக வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஆட்டக்காரர் மனிதனாக இருக்கலாம். எல்ஃப், ட்வார்ஃப் (குட்டையான, கட்டுமஸ்தான சுரங்கக்காரர்), ஹாபிட் (அதைவிடச் சின்ன உருவம்) ஆகவும் இருக்கலாம். (ஹாபிட், ஆங்கில எழுத்தாளர் டோல்கினின் நாவலில் வருபவர். அதன் உரிமைக்காரர்கள் சண்டைக்கு வந்த பிறகு ஹாபிட், ‘ஹாஃப்லிங்’ ஆனார். ட்வார்ஃபைக் ‘குள்ளர்’ என்று மொழிபெயர்க்க எங்கள் மேஜையில் தடை. அது தெருவில் நிஜ மனிதர்களைக் கேலி செய்யும் சொல்.) அந்த முதல் விதிகளில் சண்டைக்காரனாக ட்வார்ஃப் ஆறாவது படி (லெவல்) வரைதான் உயர முடியும். ஹாபிட்டுக்கு நாலாவது படியோடு சரி. மனிதனுக்கு மட்டும் எல்லை கிடையாது. உலகம் மனிதனைச் சுற்றியே இருக்க வேண்டும் என்று கைகாக்ஸ் விரும்பினார், அதற்கு இப்படி ஒரு வழி. 1978-ல் வந்த பெரிய விதிப் புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் பலத்துக்கும் தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதை நான் வாசித்துக் காட்டியபோது எங்கள் மேஜையில் விலங்கியல் படிக்கும் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்நூறு தாள் கொண்ட ஏ4 கட்டு ஆறேழை ஒரே தூக்கில் எடுத்துப் பரணில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

1981-ல் வந்த, அடிப்படை விதிகள் கொண்ட பெட்டியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனிதன் சண்டைக்காரன், பூசாரி, மந்திரவாதி, திருடன் என்று என்ன தொழில் வேண்டுமானாலும் எடுக்கலாம். எல்ஃப்? அவருக்கு எல்ஃப் என்பதே தொழில். ட்வார்ஃபுக்கு ட்வார்ஃப் என்பதே தொழில். பிறப்பும் வேலையும் ஒன்று. இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக விளக்கம் எழுதுகிறார்கள். நமக்கு விளக்கம் எதற்கு? குலத்தொழில் என்று ஒரே சொல் இருக்கிறது. 1953-ல் வந்த குலக்கல்வித் திட்டத்தை மறு வருஷமே எடுக்க வைத்த மாநிலத்தில் இந்தப் பெட்டியைத் திறந்தால், யாருக்கும் எங்கேயோ இடிக்கத்தான் செய்யும்.

ஆக, கட்டுரையாளர் ‘சாதி’ என்று போட்டது மொழிபெயர்ப்பாகத் தப்பு. அந்தப் பழைய விதிகளுக்கு விமர்சனம் என்று எடுத்துக்கொண்டால் ரொம்பச் சரி.

படி எல்லைகளை 2000-ல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் நின்றது கூட்டல் எண்கள். நான் அச்சடித்துக் கொடுத்த விதிகளில் எல்ஃப் என்றால் சுறுசுறுப்புக்கு 2 கூடும். பாதி ஆர்க் (ஆர்க்கும் மனிதரும் கலந்தவர்) என்றால் பலத்துக்கு 2, உடல் வலுவுக்கு 1. இதன் கணக்கு சின்னது. 2 புள்ளி கூடினால் பகடையில் விழும் எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளலாம். இருபது முகப் பகடையில் ஒரு முகம் என்றால் 5 சதவீதம். அவ்வளவுதான். ஆனால் அந்த 5 சதவீதத்துக்காக என் மேஜையில் வில்லாளி எல்லோரும் எல்ஃப், கோடரி பிடித்தவர் எல்லோரும் பாதி ஆர்க். மந்திரம் படிக்கும் ஆர்க்கை ஒன்றரை வருஷத்தில் ஒருத்தர்கூட எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், “வேஸ்ட் அண்ணாச்சி” என்றான் சிவில் படிக்கும் தம்பி. யாரும் தடுக்கவில்லை, விதி அனுமதிக்கிறது, ஆனாலும் வேஸ்ட். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

சரி, எண்ணை எடுத்துவிட்டால் இனம் என்று என்ன மிஞ்சும்? காதை மட்டும் கூராக்கிய திருநெல்வேலிக்காரன்தான் மிஞ்சுவான் என்றான் அதே தம்பி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நாங்களே ஓர் இனத்தை உருவாக்கினோம்.

வௌவால் மனிதர்கள். பெயர் ‘தொங்கர்’. (எழுதி வைத்ததைத் ‘தொண்டர்’ என்று படித்துவிட்டு, எந்தக் கட்சி என்று கேட்டார் என் மனைவி.) முதல் வடிவத்தை நான் எழுதினேன். ஒரு சுற்றுக்கு 50 அடி பறப்பார்கள், இருட்டில் 60 அடி பார்ப்பார்கள், சுறுசுறுப்புக்கு 2 கூடும். எழுதும்போது பெருமையாக இருந்தது. முதல் ஞாயிறு ஒரு மலைக்கோட்டை வைத்திருந்தேன்: அகழி, கயிறு, இரண்டு காவல் மாடம், மாற்று வழியாக ஒரு சாக்கடை. யோசித்து வரையவே மூன்று ராத்திரி. தொங்கர் பறந்து மதிலைத் தாண்டினார், உள்தாழ்ப்பாளைத் திறந்தார். நாலே நிமிஷம். மற்ற நாலு பேரும் முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். 2015-ல் அந்தக் கம்பெனியே அரகோக்ரா என்ற பறவை மனிதர்களை இதே 50 அடி வேகத்தில் கொடுத்துவிட்டு, தங்கள் பொது ஆட்டங்களில் அவர்களுக்கு அனுமதி மறுக்க வேண்டியிருந்தது. அந்தத் தகவல் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

இரண்டாவது வடிவம் விலங்கியல் பெண்ணுடையது. அவள் எண்ணைத் தொடவே இல்லை. உடம்பிலிருந்து ஆரம்பித்தாள். “வௌவாலுக்குக் கைதான் இறக்கை அண்ணாச்சி, விரல் நீண்டு தோல் கட்டியிருக்கு. பறக்கும்போது கையில் எதுவும் பிடிக்க முடியாது.” ஆக, பறந்தால் வாள் இல்லை, வாள் எடுத்தால் பறத்தல் இல்லை. பெரிய வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்புவது கஷ்டம். உயரத்தில் ஏறி விழுந்துதான் பறக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து தொங்கரை ஆடுகிற பையன் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது, “ஏறுறதுக்கு என்ன இருக்கு?” புளியமரம், கோபுரம், தேர். வெட்டவெளியில் ஒன்றுமில்லை என்றால் சிவில் தம்பி ஆடுகிற ட்வார்ஃபின் தோள். “தோள் குடுய்யா” என்பது இப்போது எங்கள் மேஜையில் பழமொழி. கோட்டைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து முறுக்கு தின்றவனுக்கு இப்போது வேலை இருக்கிறது, பாருங்கள்.

இருட்டுப் பார்வையிலும் அவள் கை வைத்தாள். இந்த விதிகளில் இருக்கும் ஒன்பது இனங்களில் ஆறுக்கு இருட்டில் கண் தெரியும். அதனால் எந்தச் சுரங்கத்துக்குள் போனாலும் யாருக்கும் பயமில்லை, தீப்பந்தம் வாங்குகிறவர் இல்லை. தொங்கருக்கு அது வேண்டாம், எதிரொலி கொடுப்போம் என்றேன். “பழந்தின்னி வௌவால்ல பெரும்பாலானதுக்கு அது கிடையாது, கண்ணாலதான் பார்க்கும். பூச்சி தின்கிறதுக்குத்தான் எதிரொலி” என்று திருத்தினாள். உடனே தொங்கர் இரண்டு கிளையாகப் பிரிந்தார்கள்: நல்ல கண்ணும் மூக்கும் உள்ள பழக்காரர்கள், குரல் கொடுத்துப் பார்க்கும் பூச்சிக்காரர்கள். பூச்சிக்காரர் இருட்டில் 30 அடி பார்க்கலாம். ஆனால் பார்க்க வேண்டுமானால் சத்தம் போட வேண்டும். சத்தம் போட்டால் அங்கே இருப்பவர்களுக்கும் கேட்கும்.

இந்த ஒரு விதி செய்ததை நூறு கூட்டல் எண்ணும் செய்யாது. கைவிட்ட சுரங்கம் ஒன்றில், பந்தம் நனைந்து அணைந்த பிறகு, அந்தப் பையன் நாக்கை மேலண்ணத்தில் வைத்து ‘டக்’ என்று ஒரு சத்தம் எழுப்பினான். நான் வரைபடத்தில் 30 அடியை மட்டும் காட்டினேன். எதுவும் இல்லை. இன்னொரு முறை போடலாமா என்று அவன் எல்லோர் முகத்தையும் பார்க்கிறான். பக்கத்து டீக்கடை ரேடியோவைத் தவிர ஒரு சத்தம் இல்லை. போடாதே என்று ட்வார்ஃப் கையைப் பிடிக்கிறான். போட்டான். முப்பதாவது அடியில் ஏதோ இவர்கள் பக்கம் திரும்பி நின்றது.

வெடிச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் பூச்சிக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்றும் வைத்தோம். வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் நம் பக்கம் உண்டு அல்லவா. அதே மாதிரி ஓர் ஊரைக் கதையில் வைத்தேன். வரைபடத்தில் தொங்கர் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஊர் அது. உள்ளே போன மற்றவர்களுக்கு விருந்து உத்திரத்தில். வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தலைகீழாகத்தானே தொங்க வேண்டும்.

தொங்கர் அறிவாளிகளா, முரடர்களா என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. எந்தத் தொங்கரைக் கேட்கிறீர்கள்?

இதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் உலகம் கிளொராந்தா. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கியது. அதில் ட்ரோல்களுக்கு (பூதம் மாதிரி பெரிய உருவங்கள்) என்றே 1982-ல் ஒரு தனிப் பெட்டி வெளியிட்டார்கள். அந்த ட்ரோல்கள் இருட்டில் ஒலியால் பார்ப்பவர்கள், எதையும் தின்று செரிப்பவர்கள். ஒரு சாபத்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் நோஞ்சான் பிள்ளைகளே பிறக்கின்றன. பசி, தாய்மை, அந்த நோஞ்சான்களை எப்படி நடத்துவது என்பதிலிருந்தே அவர்களுடைய மொத்தச் சமூகமும் கிளைக்கிறது. அதே உலகத்தில் எல்ஃப் என்பவர் செடி. நிஜமாகவே தாவரம். இலையுதிர்க்கும் வகை எல்ஃப் குளிர்காலத்தில் தூங்கப் போய்விடுவார். கூட்டாளி தூங்கப் போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதே ஒரு கதை ஆகிவிடுகிறது. ‘அறிவில் சிறந்தது’ என்ற ஒரு வரியில் என்ன கதை இருக்கிறது?

எல்லாக் கட்டுப்பாடும் நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கென்கு என்று காக்கை மாதிரி ஓர் இனம். 2016 புத்தகத்தின்படி அவர்களால் சொந்தமாகப் பேச முடியாது, கேட்ட குரலைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும். ஒருவன் ஆசையாக எடுத்தான். நோட்டுப் போட்டு மற்றவர்கள் பேசியதை எல்லாம் எழுதிக்கொண்டு, ஒரு பேயோடு நடந்த சண்டையின் நடுவில் என் குரலிலேயே, “கரண்ட் இல்ல, அஞ்சு நிமிஷம் ஆகும்” என்றானே, அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் முகம் வாடிவிட்டது. வாயைத் திறக்கும்போதெல்லாம் விதி வந்து குறுக்கே நின்றால் யாருக்கும் அலுக்கும். 2022-ல் வந்த புத்தகத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். எதிரொலி அப்படியில்லை, அது தேவைப்படும்போது மட்டும் வந்து கேள்வி கேட்கிறது.

கம்பெனியும் சும்மா இல்லை. 2020-ல் கூட்டல் எண்ணை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2022 டிசம்பரில் ‘ரேஸ்’ என்ற சொல்லையே கைவிடுவதாக அறிவித்தது. இப்போது ‘ஸ்பீஷீஸ்’. நம் பள்ளிப் புத்தகத்தில் சிற்றினம் என்று படிப்போமே, அது. 2024 புத்தகத்தில் கூட்டல் எண் பிறப்பிலிருந்து கழன்று, பாத்திரம் வளர்ந்த விதத்தோடு, பழகிய தொழிலோடு சேர்ந்துவிட்டது. அது சரியான இடம். கடலோரக் குப்பத்தில் வளர்ந்த ட்வார்ஃபுக்கு வலை பின்னத் தெரிந்திருக்குமே தவிர, பிறந்தவுடன் கோடரி சுழற்ற எப்படித் தெரியும்?

ஆனால் அதே புத்தகத்தில் பாதி எல்ஃபையும் பாதி ஆர்க்கையும் எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்து ஆடிக்கொள்ளுங்கள் என்கிறார்கள், அச்சில் இல்லை. எங்கள் மேஜையில் ஒரு பையன், அப்பா ஒரு சாதி, அம்மா ஒரு சாதி, இரண்டு பக்கத்துப் பாட்டி வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அவன் ஆரம்பத்திலிருந்து பாதி எல்ஃப்தான். அறிவிப்பை ஃபோனில் படித்துவிட்டு, “எங்கள தூக்கிட்டாங்க அண்ணாச்சி” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நாங்கள் பாதி எல்ஃபை வைத்துக்கொண்டோம். கூட்டல் எண் கிடையாது. இரண்டு ஊரிலும் அவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, இரண்டு ஊரிலும் வாசலில் ஒரு கேள்வி உண்டு, அதுதான் விதி.

கடைசியாக ஒரு விஷயம், இதைத் தமிழில் ஆடுகிறவர்களால் மட்டும்தான் சொல்ல முடியும். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை என்கிறது நன்னூல். நரகருக்கே ‘அவர்’ போட்ட இலக்கணம் நம்முடையது. 1974 புத்தகத்தில் ஆர்க் அரக்கப் பட்டியலில் இருக்கிறது. 2024 புத்தகத்தில் ஆட்டக்காரர் எடுக்கும் பத்தில் ஒன்று. ஆங்கிலத்தில், முதன்மை விதிப் புத்தகத்துக்குள் முழு ஆர்க்காக வர ஐம்பது வருஷம் ஆனது. நான் ஒரு விகுதியை மாற்றினால் போதும். மாற்றித்தான் ஆக வேண்டும், தமிழில் வினைமுற்று வாயைத் திறந்ததும் காட்டிக் கொடுத்துவிடும். போன மாதம் வரை “கதவுக்குப் பின்னாலிருந்து ஆர்க் வந்தது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் பகடை உருண்டிருக்கும். ஒரு ஞாயிறு, அசதியில் வாய் தவறி, “ஆர்க் ஒருத்தன் வந்தான்” என்று சொல்லிவிட்டேன். யாரும் பகடையை எடுக்கவில்லை. விலங்கியல் பெண் கேட்டாள், “அவன் பேரு என்ன அண்ணாச்சி?”

என்னிடம் பெயர் தயாராக இல்லை. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ‘இனம்’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். கடைக்கு ஆதார் அட்டை நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் என் ரேஸ் என்ன என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.